உப்பில்லாத தயிர்சோறு

ஒரு மனிதரைப் பதினாலு வருஷம் விடாமல் வெறுப்பது சுலபமான காரியமில்லை. நடுவில் கல்யாணம் வரும், பிள்ளைப்பேறு வரும், புயல் வரும், மறதி வரும். நான் எதையும் குறுக்கே வரவிடவில்லை. எங்கள் உப்பளத்தை எங்களிடமிருந்து பிடுங்கி இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுப் போன கோர்ட் அமீனாவை அப்படித்தான் வெறுத்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லி ஒரு முறை சாபம் கொடுத்திருக்கிறேன், அது போதும்.

தீர்ப்பு எழுதுகிறவர் ஜட்ஜ். அதைச் சுமந்துவந்து நம் நிலத்தில் இறக்கி வைக்கிறவர் அமீனா. இவர் ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, மடக்குக் குடை, தோளில் ஒரு காக்கித் துணிப்பை. கைக்கடிகாரத்தை முகம் உள்பக்கம் பார்க்கிற மாதிரி கட்டியிருப்பார். மணி பார்க்கும்போது யாரிடமோ பிச்சை கேட்கிறவர் மாதிரி உள்ளங்கையை விரிப்பார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு எரியும். பைக்குள் பிளாஸ்டிக் கவரில் வாரண்டு, கைநாட்டு வைக்க மைப்பெட்டி, அளக்கிற டேப்பு, ஒரு சாப்பாட்டு டப்பா. இத்தனையும் எனக்கு மனப்பாடம். வேண்டியவர்களைக்கூட நாம் இவ்வளவு கவனித்துப் பார்ப்பதில்லை.

அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "தாள் இருக்குதா?"

அழுகிறவர்களிடம் அதைக் கேட்பார். கத்துகிறவர்களிடமும் அதையேதான் கேட்பார். அவருடன் வேலை பார்த்த ஒருத்தர் மகள் கல்யாணத்துக்கு வாயால் அழைத்தாராம், இவர் போகவில்லையாம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "பத்திரிகை வரலையேப்பா" என்றாராம். திண்டிவனம் கோர்ட் வாசல் டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த மனிதர் எங்கள் வரப்பில் நின்று அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் இடையில், கழிவெளிச் சதுப்பை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் உப்பளம். இருபத்திரண்டு பாத்தி. மேற்கே எங்களை ஒட்டி இருந்த அளத்தை, பெருமுக்கல் பக்கம் நெல் மில் வைத்திருந்த ஒருத்தர் வாங்கினார். மில்காரர் என்போம். வாங்கிய இரண்டாம் வருஷமே, எங்கள் இருபத்திரண்டும் தன் பத்திரத்துக்குள் வருகிறது என்று கேஸ் போட்டார். கீழ்க்கோர்ட்டில் அவருக்கே தீர்ப்பானது.

அப்பா அப்பீல் போட்டார். போட்ட அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே ஒருத்தனும் கை வைக்க முடியாது. அப்பீல்ல இருக்குது" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவது அதுதான். மேல்கோர்ட்டுக்குப் போய்விட்டால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று நினைப்போம். தடை என்று ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று வக்கீல் சொல்லத்தான் செய்தார். அப்பாவுக்கு அப்போது அதற்கு நேரமில்லை. தை பிறந்திருந்தது. பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டிய நேரம். மிதிப்பில் நாலு நாள் தவறினால் அந்த வருஷம் உப்போடு சேறும் சேர்ந்துதான் வரும். "மிதிப்பு முடியட்டும், போய் எழுதிக் குடுத்துக்கலாம்" என்றார். உப்பளக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். தரை வெளுத்து இறுகியது, உப்பு பூத்தது. பங்குனியில் அமீனா வருகிறார் என்று நோட்டீஸும் வந்தது.

அப்புறம்தான் ஓட்டம். அமீனா வரும் அன்று காலையில் வக்கீல் தடை கேட்டு மனு கொடுத்தார். அண்ணன் கோர்ட்டில் நின்றான். நானும் அப்பாவும் உப்பளத்தில் நின்றோம். எனக்கு அப்போது இருபத்தி நாலு வயது.

பதினொரு மணிக்கு வந்தார் அமீனா. கூடவே தமுக்கு அடிக்க ஒருத்தர், சாட்சிக்கு ஊர்த் தலையாரி, பின்னால் மில்காரரும் அவர் ஆட்களும். அமீனா வரப்பு முனையிலேயே செருப்பைக் கழற்றினார். உப்பளத்தில் செருப்போடு நடக்கக் கூடாது என்று வெளியூர் ஆளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஐயா, அப்பீல் போட்டிருக்கோங்க" என்று அப்பா நம்பர் போட்ட சீட்டை நீட்டினார்.

அதை ஓரம் முதல் ஓரம் வரை படித்தார். "பெரியவரே, இது அப்பீல் போட்டதுக்கு அத்தாட்சி. அப்பீல் போட்டா உங்க கேஸு உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். அவங்க தீர்ப்பு செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. தடைக்குத் தாள் இருக்குதா?"

"இன்னிக்குக் கேட்டிருக்கோங்க. பையன் கோர்ட்ல நிக்கிறான்."

"தாள் வரட்டும்" என்றார். பிறகு உள்ளங்கையை விரித்து மணி பார்த்தார்.

வேலையை ஆரம்பித்தார். எங்கள் எல்லைக் கல்லை ஒரு தரம் அளந்தார். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் அளந்தார். மில்காரர் முணுமுணுத்ததும் மூன்றாம் தரமும் அளந்தார். அதற்குள் அப்பாவின் போனில் அண்ணன் கூப்பிட்டான். தடை கொடுத்துவிட்டார்கள், நகல் கைக்கு வரவேண்டும், வந்ததும் பைக்கில் கிளம்புகிறேன் என்றான். அப்பா போனை அமீனாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "போன்ல வர்றது எனக்குக் கேக்காதுங்க" என்றார்.

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? எங்கள் வரப்பில் குடையை விரித்து ஊன்றி, அதன் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. தயிர்சோறு. ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னிக்கும் உப்பு போட மறந்துட்டாங்க வீட்டுல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்பா என்ன மனுஷன் என்பதற்கு அந்த ஒரு நிமிஷம் போதும். நிலம் போகிற நேரத்திலும் குனிந்து, பாத்தியின் நடுவிலிருந்து சுத்தமான உப்பாக ஒரு பிடி எடுத்தார். உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, சண்டை வரும் என்பார்கள். அதனால் உப்பை மூட வைத்திருந்த கீற்றில் ஒரு ஓலை கிள்ளி அதில் வைத்து அவர் முன்னால் வைத்தார். அமீனா ஓலையைப் பார்த்தார். தொடவில்லை.

"வேணாங்க பெரியவரே. அது கேஸுல இருக்கிற சொத்து."

சுற்றிலும் உப்பு. மலையாக உப்பு. அதன் நடுவில் உட்கார்ந்து உப்பில்லாத சோற்றை ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருந்தார். அப்பா ஓலையை வைத்த இடத்திலேயே குனிந்தபடி நின்றார். எங்கள் நிலத்தை எடுக்க வந்தவன் எங்கள் உப்பைத் தொட மாட்டானாம். சாவு வீட்டு வாசலில் இலை போட்டு உட்கார்ந்தவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த நிதானம் தாங்க முடியவில்லை. ரசித்து ரசித்துத் தின்கிறான் என்றுதான் பட்டது.

போனேன். எத்தினேன்.

டப்பா உருண்டு பாத்தியில் விழுந்தது. சோறு உப்புத் தண்ணீரில் பரவியது. மில்காரரின் ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். அமீனா கையைக் காட்டி நிறுத்தினார். மெதுவாக எழுந்து டப்பாவை எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே அலசி, துண்டால் துடைத்துப் பையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி. வேலையைப் பாப்போம்" என்றார்.

இருபத்திரண்டு பாத்தியையும் வரப்பு வரப்பாக நடந்து எண்ணினார். தமுக்கு அடித்தது. மில்காரர் கையெழுத்துப் போட்டார். தலையாரி கைநாட்டு வைத்தார். பாத்தியில் இருக்கிற உப்பு பாத்தியோடு போகும், வரப்பில் வாரிப் போட்ட அம்பாரம் உத்தரவில் இல்லை, அதை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் முடிந்து இருபது நிமிஷம் கழித்து அண்ணனின் பைக் வந்தது. தடை உத்தரவு அவன் சட்டைக்குள் வேர்வையில் நனைந்திருந்தது.

அமீனா அதை நின்றபடியே முழுசும் படித்தார். "இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா நான் அப்படியே திரும்பியிருப்பேன் தம்பி" என்றார். கைமாறி முடிந்ததை நிறுத்த ஒரு தடையாலும் முடியாதாம். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகும்போது பெயர் சொல்லிக் கத்தினேன். "நீ சாகுற வரைக்கும் உப்பில்லாத சோறுதான் தின்னணும்."

அப்பா அதற்கப்புறம் மற்றவர்கள் அளத்தில் கூலிக்கு உப்பு வாரினார். மில்காரர் எங்கள் பாத்தியிலேயே வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினார். அப்பா காறித் துப்பவில்லை, அப்படித் துப்புகிற ஆளில்லை. அந்தப் பக்கமாக நடப்பதை மட்டும் விட்டுவிட்டார். அண்ணன் புதுச்சேரியில் கம்பெனி வேலைக்குப் போனான். கேஸை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் திண்டிவனம் போவேன். எங்கள் கேஸ் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். நான் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அமீனாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் வாங்கிக் கொடுத்தாலும் டீ குடிக்க மாட்டார். வாதி டீயும் வேண்டாம், பிரதிவாதி டீயும் வேண்டாம், சொந்த டீதான். ஒரு தரம் அனுமந்தையில் ஒரு கடையைக் காலி செய்யப் போனவர், வாரண்டில் கதவு எண் பதினாலு என்றும் சுவரில் பதினாலு ஏ என்றும் இருந்ததால், போலீஸையும் பூட்டு உடைக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு அப்படியே திரும்பி வந்துவிட்டாராம். எங்கள் பாத்தியில் ஒன்று குறைந்து தொலைந்திருக்கக் கூடாதா?

என் வீட்டுக்காரரிடமும், பிறகு என் பிள்ளைகளிடமும் நான் பெருமையாகச் சொன்ன கதை ஒன்று உண்டு. அமீனாவின் டப்பாவை எத்திய கதை. அந்த நாளில் எங்கள் பக்கம் நடந்த ஒரே ஜெயம் அது என்று சொல்வேன்.

அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து அப்பீல் எங்கள் பக்கம் தீர்ப்பானது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மனு போட்டோம். மில்காரர் சென்னை ஹைகோர்ட்டில் இரண்டாவது அப்பீல் போட்டார். போட்டுவிட்டு, தடை கேட்காமல் சும்மா இருந்தார். பணக்காரனுக்கும் அப்பீல் என்ற சொல்லில் அதே மயக்கம்தான் போலிருக்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான செய்தி வேறில்லை.

"தேதி பங்குனியில வர்ற மாதிரி பாருங்க சார்" என்றேன் வக்கீலிடம்.

"ஏம்மா, ஐப்பசியில மழை நேரத்துல போனா ஆளே இருக்க மாட்டாங்க. தகராறு இல்லாம வாங்கிடலாமே."

"தகராறு வேணும் சார். பாத்தி நெறைய உப்பு இருக்கணும். மில்காரரு நின்னு பாக்கணும்."

பங்குனியில்தான் வந்தது. அதே அமீனா. அந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகப்போகிறார் என்றார்கள். தலை முழுக்க வெளுத்திருந்தது. அதே குடை, அதே பை. வரப்பு முனையில் செருப்பைக் கழற்றினார். கிழவராகிப்போன அதே தலையாரி கூட வந்தார். மில்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சர்க்கரை வியாதியில் பாதியாக இளைத்திருந்தார். அவருடைய மகன் கையில் போன்.

"ஐயா, மெட்ராஸ்ல தடை கேட்டிருக்கோம். மதியம் கோர்ட்டு உக்காந்ததும் மொத கேஸு நம்மளுதாங்க. உத்தரவு மெயில்ல வந்ததும் மரக்காணத்துல தாளா எடுத்துட்டு வர ஆள் நிக்குதுங்க" என்றான்.

"தாள் இருக்குதா?"

எனக்கு இனித்தது. பதினாலு வருஷம் கசந்த அந்தக் கேள்வி அன்றைக்கு அப்படி இனித்தது. அமீனா எல்லைக் கல்லை அளந்தார், மறுபடி அளந்தார், மூன்றாவது தரமும் அளந்தார். உள்ளங்கையை விரித்து மணி பார்த்தார். ஒரு மணி தாண்டியிருந்தது. வரப்பில் குடையை ஊன்றி உட்கார்ந்து டப்பாவை வெளியே எடுத்தார்.

"என்ன பெரியப்பா இவரு, பாதி வேலையில உக்காந்துட்டாரு" என்றேன் பக்கத்தில் நின்ற தலையாரியிடம்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இவரு எப்பவும் இப்படித்தாம்மா. தடை வருதுன்னு யாராச்சும் சொன்னா சோத்து டப்பாவ எடுத்துடுவாரு. சட்டத்துல நிறுத்த முடியாது. ஆனா சாப்புடக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லியே. அவரு தின்னு முடிக்கிறதுக்குள்ள தாள் வந்தா, எதிர்க்கட்சிக்கு அதிர்ஷ்டம். அனுமந்தையில ஒரு குடும்பம் இப்படித்தான் தப்பிச்சுது. அன்னிக்கி உங்க அப்பாவுக்கும் அதுதானே பண்ணாரு. மூணு தரம் அளந்து, பன்னெண்டு மணிக்கு முன்னாலயே சோத்தத் தொறந்து. நீதான் எத்திட்டே."

கால் கூசியது. எத்தின அதே வலது கால்.

இருபது நிமிஷம். அந்த மனிதர் தயிர்சோற்றை ஒவ்வொரு பருக்கையாக மென்றிருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அண்ணன் வந்து சேர்ந்திருப்பான். அப்பா கூலிக்குப் போயிருக்க மாட்டார். எங்கள் ஜெயம் என்று நான் ஊரெல்லாம் சொன்னது, எங்கள் அப்பாவின் இருபத்திரண்டு பாத்தியை என் காலாலேயே தள்ளிவிட்ட கதை.

நிமிர்ந்து பார்த்தேன். மில்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அவரும் அவர் மகனும் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அமீனா மூடியைத் திறந்து ஓரமாக வைத்தார். அவர் சாப்பிடட்டும் என்று நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நல்ல மனுஷி அப்படித்தான் இருந்திருப்பாள். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் மேல் வந்த கோபத்தை வைக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எதிரிலேயே நின்றிருந்தார் மில்காரர்.

அமீனாவின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, இன்னிக்கு ஒப்படைக்கணும்னு வாரண்டுல இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

"நடுவுல சாப்பாட்டுக்கு நேரம் விடணும்னு இருக்குதுங்களா? அதுக்குத் தாள் இருந்தா காட்டுங்க."

அவர் கை சோற்றுக்கு மேலே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. என்னை அவர் மறக்கவே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"இல்லம்மா" என்றார். ஒரு வாய்கூட வைக்காமல் மூடியைப் போட்டு அழுத்தினார். "இந்த வாட்டி எத்தல. அதுவரைக்கும் சந்தோஷம்."

இருபத்திரண்டு பாத்தியையும் எண்ணினார். நான் அவர் பின்னாலேயே ஒவ்வொரு வரப்பாக நடந்து, கூடவே வாய்விட்டு எண்ணினேன். பாத்தி நிறைய உப்பு, மில்காரர் ஆளை வைத்து மிதித்து, இறைத்து, காய வைத்த உப்பு. அதுவும் பாத்தியோடு எனக்கு வந்தது. தமுக்கு அடித்தது. கையெழுத்துப் போட்டேன், பெயரோடு அப்பாவின் முதல் எழுத்தையும் அழுத்திப் போட்டேன். இங்க்கு காய்வதற்குள் மகனின் போன் அடித்தது. தடை கொடுத்துவிட்டார்கள்.

அவன் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். "போன்ல வர்றது எனக்குக் கேக்காது தம்பி" என்றார் அமீனா. "தாளே வந்தாலும் இனிமே ஒண்ணும் இல்ல. முடிஞ்சுட்டுது." மில்காரர் மறுபடி உட்காரவில்லை. அவர் நின்ற இடம் அன்றைக்கு அப்பா நின்ற இடம். நான் நன்றாகப் பார்த்தேன், ஆசை தீரப் பார்த்தேன். கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. இப்போதும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அமீனா மறுபடி குடை நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஒரு வாய் வைத்ததும் முகம் சுருங்கியது. அவர் வீட்டில் இன்னும் மறந்துகொண்டுதான் இருந்தார்கள். நான் கொடுத்த சாபம் இத்தனை வருஷமாகப் பலித்துக்கொண்டிருந்ததோ என்னவோ.

பாத்தியில் இறங்கி, நடுவிலிருந்து சுத்தமாக ஒரு பிடி அள்ளினேன். ஒரு ஓலை கிள்ளி, அதில் வைத்து, அவர் முன்னால் வைத்தேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு வாயில் வராது. அதற்குப் பதிலாகத்தான் அந்த உப்பு.

"போட்டுக்குங்கய்யா. இப்பதான் எங்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க. இது எங்க உப்பு."

ஓலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் ஓலை வரைக்கும்கூட வந்தது. பிறகு டப்பாவுக்கே திரும்பிப் போனது.

"போட்டுக்கலாம்தாம்மா. ஆனா அவங்க அப்பீல் இன்னும் இருக்குதே" என்றார்.

உப்பில்லாமல்தான் சாப்பிட்டு முடித்தார். ஒவ்வொரு பருக்கையாக, ரொம்ப நேரம். நான் மணி பார்த்தேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது.